குடை வளைவில் நாங்கள் அடக்கம் செய்தவை

எனக்கு ஓய்வு கொடுத்தது முதலாளி இல்லை, என் இடது முழங்கால். மலைத்தடத்தில் பஸ் ஓட்டுகிறவனுக்கு இடது கால்தான் உழைக்கிற கால். வளைவுக்கு வளைவு கிளட்சை மிதித்து, அறுபது வயசாவதற்கு ரொம்ப முன்னாடியே அது வேலை நிறுத்தம் செய்துவிட்டது. முதலாளி கையில் சால்வையோடு வந்தார். சால்வைக்குப் பதிலாக முழங்காலுக்கு ஒரு உறை வாங்கி வந்திருக்கலாம்.

வீட்டில் உட்கார்ந்த டிரைவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது தடத்தில் ஓட்டுகிற தம்பிகள் வாட்ஸப்பில் கேட்கிறார்கள். "அண்ணே, குரங்கு விஷயமா தேனி ஆபீஸ்ல எந்திரிச்சு என்னமோ பேசுனீகளாமே. புதுசா கணக்கெடுக்க வர்ற ஆளுகளுக்குச் சொல்லணும். எழுதி அனுப்புங்க." பேசியது உண்மை. பேசும்போது என் இரண்டு கால்களும் தனித்தனியாக ஆடியதும் உண்மை. எழுதுகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், அப்படி நிறைய இடம் இருக்காது.

எனக்குச் சின்னமனூர். திராட்சை லாரியில் கிளீனராகச் சேர்ந்து, கம்பத்துக்கும் தேனிக்கும் பெட்டி ஏற்றி இறக்கி, லைசென்ஸ் வாங்கி, கடைசியில் எஸ்டேட்டுகளுக்கு ஏறுகிற ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவரானேன். என்னைச் சேர்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியாத ஒன்று, எனக்கு மலை என்றால் பயம். வலது பக்கம் பள்ளம் வந்தால் என் வாய் தானாகப் பேச ஆரம்பிக்கும். பயணிகள் சிரித்தால் பயம் பாதியாகும். அப்படித்தான் நான் ஜோக்கடிக்கிற டிரைவர் ஆனேன். "டிரைவர் இன்னைக்கு ரொம்பக் குஷியா இருக்காரு" என்று யாராவது சொன்னால், அன்றைக்குப் பனிமூட்டத்தில் எனக்கு ரோடே தெரியவில்லை என்று அர்த்தம்.

அந்தத் தடத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டுவேன். நாங்கள் அதைக் குடை வளைவு என்போம். மேட்டுப் பக்கம் ஒரு பெரிய வெடிப்பலா மரம், பள்ளத்துப் பக்கம் ஒரு மலையத்தி. இரண்டும் ரோட்டுக்கு மேலே கை கோத்து நிற்கும். அந்தக் கிளைகள் வழியாகச் சோலைமந்திகள் போகும். சிங்கவால் குரங்கு என்று போர்டில் எழுதியிருப்பது அதைத்தான். கருப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த தாடி, வால் நுனியில் ஒரு குஞ்சம். கீழே பஸ் போகும், மேலே அது போகும். எங்கள் இரண்டு பேருக்கும் தடம் வேறு, டைமிங் ஒன்று.

ஜெபா வந்தது அந்தக் காலத்தில். போடி பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். காட்டு விலங்குகளைப் பற்றிப் படித்துவிட்டு, எங்கள் மலை ரோட்டில் அடிபட்டுச் சாகிற விலங்குகளைக் கணக்கெடுக்க வந்திருந்தாள். ஸ்டேரிங் பக்கத்தில் இருக்கிற பெட்டி சீட்டில் உட்கார்ந்து வந்தவள், இறங்குகிற இடம் வந்தும் இறங்காமல் கேட்டாள்:

"அண்ணே, ஒரு உதவி. நான் மாசத்துல நாலு நாள் வர்றேன். நீங்க தினம் போறீக. ரோட்டுல கிடக்கிறத எழுதணும்னா ரோட்டுலயே கிடக்கிற ஆளு வேணும்."

"அப்ப சரியான ஆளப் புடிச்சிட்ட தாயி," என்றார் கண்டக்டர் சவரிமுத்து. "இவரு ரோட்டுலயேதான் கிடக்காரு. வீட்டுலயும் அதான் சொல்றாக."

சவரிமுத்து ராயப்பன்பட்டிக்காரர். என்னை மாமா என்பார், நான் அவரை மாப்ள என்பேன். எந்த உறவும் கிடையாது, ஒரே பஸ்ஸில் அத்தனை வருஷம் இருந்ததால் வந்தது.

ஜெபா என் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். முறையையும் சொல்லிக் கொடுத்தாள். அதை இங்கே முழுசாக எழுதுகிறேன், புது ஆட்களுக்கு வேண்டும். முதலில் வண்டியை வளைவில் நிறுத்தாதே, வளைவு தாண்டி நிறுத்து. டயருக்குக் கல் வை. ஒரு ஆள் சிவப்புத் துண்டோடு பின்னால் நிற்கட்டும். செத்ததை மேலே இருந்து ஒரு போட்டோ, பக்கத்தில் அளவு தெரிய ஒரு பொருள் வைத்து. எங்களிடம் எப்போதும் இருந்தது டிக்கெட் புக், அதைத்தான் வைப்போம். அடுத்து முகம் தெரிகிற மாதிரி ஒன்று. மூன்றாவது, தள்ளி நின்று, ரோடும் இரண்டு பக்கத்து மரமும் மேலே கிளை சேர்கிறதா என்பதும் தெரிகிற மாதிரி. இடத்தைப் போனே எழுதிக்கொள்ளும். அப்புறம் உடலை ரோட்டை விட்டுத் தள்ளிப் போடு. இல்லாவிட்டால் அதைத் தின்ன வருவதும் அடிபடும், நாளைக்கு நீயே மறுபடி எண்ணித் தொலைப்பாய்.

நாங்கள் கீரி எழுதினோம், மரநாய் எழுதினோம், முயல், முள்ளம்பன்றி, மலையணில் எழுதினோம். டிக்கெட் புக்கைப் பக்கத்தில் வைக்கும்போதெல்லாம் ஜன்னலிலிருந்து ஒரு குரல் வரும்: "அதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டாய்யா?"

ஜெபா எதையும் உடனே ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் அப்பா கடையில் ஏலக்காய் நிறுக்கிறதை நான் பார்த்திருக்கிறேன். தராசு முள் நின்ற பிறகும் இரண்டு மூச்சு விட்டுவிட்டுத்தான் எடுப்பார். இவளும் அதே ஜாதகம். ஒவ்வொரு பதிவுக்கும் போன் பண்ணுவாள். கத்த மாட்டாள், திட்ட மாட்டாள். "சரிண்ணே" என்பாள். கொஞ்சம் விட்டு, "பாத்தீகளா, நெனச்சீகளா?" என்பாள். நான் பார்த்ததில் பாதி நினைத்தது என்று அந்தப் பெண்ணால்தான் எனக்குத் தெரிய வந்தது.

அதற்கு அத்தாட்சி, அழுங்கு என்கிற எறும்புதின்னி. முதல் டிரிப், விடிந்தும் விடியாத பனி. ரோட்டில் செதில் செதிலாக ஒரு உருண்டை. செத்துப்போன அழுங்கு. நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. விதிப்படி வண்டியை நிறுத்தி, கல் வைத்து, டிக்கெட் புக்கை அதன் பக்கத்தில் வைத்து, குனிந்து போட்டோ எடுத்தேன். உருண்டை மெதுவாக விரிந்து, ஒரு மூக்கு வெளியே வந்து என் கையை மோந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது பஸ்ஸின் பின்பக்க ஏணி. நான் அதில் மேல்படியில் இருந்தேன். முழங்கால் வலி எல்லாம் அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. அழுங்கு நிதானமாக நடந்து புதருக்குள் போனது. பயணிகளில் ஒரு அம்மா, "டிரைவரு, அது போயிருச்சு, நீங்க எறங்கலாம். எஸ்டேட்டுல பேர் கூப்பிட்டு முடிச்சிருவாக" என்றது.

மாலையில் ஜெபா கூப்பிட்டாள். "அண்ணே, அழுங்கு செத்ததுன்னு போட்டிருக்கீக. பாத்தீகளா, நெனச்சீகளா?"

"நெனச்சேன் தாயி. அதுவும் என்னையப் பத்தி அப்படித்தான் நெனச்சிருக்கும்."

இனி சொல்லப்போவதில் அவ்வளவு சிரிப்பு இல்லை.

எங்கள் தடத்தில் குரங்கு அடிபட்டால் அதற்கு ஒரு முறை உண்டு. நான் வேலைக்குச் சேரும் முன்பே இருந்தது. எந்தப் பஸ்ஸின் டூல் பெட்டியைத் திறந்தாலும் ஜாக்கிக்கும் ஸ்பேனருக்கும் பக்கத்தில் ஒரு பொட்டலம் இருக்கும். மஞ்சள், குங்குமம், ஒரு வெள்ளைத் துண்டு, கல்லுப்பு. குரங்கு என்றால் ஆஞ்சநேயர். நாட்டுக் குரங்கா, சோலைமந்தியா என்று நாங்கள் பார்ப்பதில்லை. எந்த ஜீப் அடித்துப் போட்டுப் போயிருந்தாலும், முதலில் வருகிற பஸ் நிற்கும். கண்டக்டர் இரண்டு விசில் ஊதுவார். பயணிகள் ஏன் என்று கேட்காமல் இறங்குவார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, பொட்டு வைத்து, துண்டில் சுற்றி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு வைத்து, ரோட்டோரத்தில் குழி தோண்டி இறக்குவோம். பன்றி கிளறாமல் இருக்கவும் சீக்கிரம் மண்ணோடு மண்ணாகவும் உப்பைக் கொட்டுவோம். எல்லோரும் ஒரு கை மண். சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டு, "ஆஞ்சநேயா, ஆண்டவரே, ரெண்டு பேரும் பாத்துக்கங்க" என்பார். கையைக் கழுவி, திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏற வேண்டும். அதைப் பற்றி அப்புறம் பேசக்கூடாது. அந்த வாரச் சனிக்கிழமை குச்சனூர் போய் எள் விளக்கு ஏற்ற வேண்டும்.

"நம்ம வண்டி அடிக்கலையே மாப்ள, நாம ஏன் போகணும்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வண்டி வேற ஆளுது. ரோடு நம்மது மாமா."

குச்சனூர் சனீஸ்வரனுக்குச் சவரிமுத்து எள் விளக்கு வாங்கிக் கொடுப்பார். நான் ஏற்றுவேன்.

பாதையை அகலமாக்கும் பேச்சு வந்தது. டூரிஸ்ட் வண்டி பெருகிவிட்டது, நியாயம்தான். குடை வளைவில் இரண்டு மரத்தையும் எடுக்க வேண்டும் என்றார்கள். ஜெபா எடுக்கக்கூடாது என்று எழுதிப் போட்டாள். தேனியில் ஒரு ஆபீஸில் கூட்டம் வைத்தார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், டீ நன்றாக இருந்தது. பதிவு போடுகிறவர்கள் என்று எங்களையும் கூப்பிட்டிருந்தாள். நானும் சவரிமுத்துவும் கடைசி வரிசையில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம்.

திரையில் எங்கள் ரோடு. அதன்மேல் சிவப்புப் புள்ளிகள், நாங்கள் எழுதிய ஒவ்வொரு கீரியும் மரநாயும். எனக்குப் பெருமையாக இருந்தது. மேடையில் இருந்த அதிகாரி நல்ல மனுஷர், குரல் உயர்த்தவில்லை.

"அம்மா, குரங்கு அந்த வளைவுல இருக்கு, ஒத்துக்கிறேன். மேல போகுது. கீழ எறங்குறதில்ல, அடிபடுறதில்ல. உங்க படத்துலயே அங்கன ஒரு குரங்குப் புள்ளி கூட இல்லையே."

"மரத்த எடுத்தா எறங்கும் சார். எறங்குனா அடிபடும்."

"எறங்குனா அடிபடும்னு காட்ட ஒரு புள்ளி, ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. நான் நிப்பாட்டுறேன்."

ஜெபா திரையைப் பார்த்தாள். அவளே போட்ட படம். இல்லாத புள்ளியை இருக்கிறது என்று சொல்கிற பெண் இல்லை அவள். "தரவுல இல்ல சார்" என்றாள்.

எனக்கு வாயிலிருந்த பிஸ்கட் நனைந்த அட்டை மாதிரி ஆகிவிட்டது. சவரிமுத்துவின் தொடையில் கிள்ளினேன். "மாப்ள, அப்ப நாம புதைச்சது?"

"அது அடக்கம் மாமா. ரோட்டுல அடிபட்டுக் கிடக்கிறதத்தான எழுதச் சொன்னாக. அடக்கம் பண்ணுனத எப்படி எழுதுறது? பொணத்துக்குப் பக்கத்துல டிக்கெட் புக்க வச்சா போட்டோ எடுப்பாக?"

அவர் சொன்னது அன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. கீரி செத்தால் கீரி செத்தது. குரங்கு செத்தால் துக்கம். துக்கத்தை யாராவது ஆப்பில் ஏற்றுவார்களா? எங்களுக்கு மட்டும் இல்லை, அந்தத் தடத்தில் ஓடுகிற ஒரு பஸ்காரருக்கும் அது தோன்றவில்லை. ரோட்டில் நாங்கள் மரியாதை செய்யாத உயிருக்கெல்லாம் திரையில் ஒரு புள்ளி இருந்தது. மரியாதை செய்த உயிருக்கு ஒன்றும் இல்லை.

எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று காலிடம்தான் கேட்க வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஐயா, அங்கன நெறைய பேரு இருக்காக. நாங்கதான் பொதச்சோம்."

அதிகாரியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். கதவோரம் நின்ற போலீஸ்காரர் தொப்பியை மாட்டினார்.

"கொரங்குய்யா, கொரங்கு," என்றார் சவரிமுத்து, என் சட்டையை இழுத்துக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெபா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாகத் தேடின பொருள் பக்கத்து வீட்டில் இருந்தது என்று தெரிந்தவள் மாதிரி.

அதிகாரி கேட்டார்: "போட்டோ இருக்கா?"

இல்லை.

"எப்ப, எத்தனை?"

எப்படிச் சொல்வது? ஒவ்வொரு பஸ்ஸும் தான் புதைத்ததை மட்டும் அறியும். பேசக்கூடாது என்பதுதான் முறை.

"அடுத்த கூட்டத்துக்குள்ள ஏதாவது அத்தாட்சி கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

வெளியே வந்ததும் ஜெபா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்பாள் என்று பயந்து, ஜோக் ஒன்று தயாராக வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. "என் தப்புண்ணே. செத்தா என்ன பண்ணுவீகன்னு நான் கேக்கவே இல்லையே" என்றாள். எனக்கு அந்த ஜோக் இன்று வரை உபயோகப்படவில்லை.

அத்தாட்சி என்றால் தோண்டுவதுதான். காட்டு விலங்கின் எலும்பைத் தொடவும் அனுமதி வேண்டும். ஜெபா நடையாய் நடந்து அதை வாங்கினாள். மற்ற டிரைவர்களைக் கேட்டேன், இடம் காட்டுங்கப்பா என்று. ஒருத்தரும் வரவில்லை. "நீங்க வேணா தோண்டுங்கண்ணே. எங்க வண்டியில பிள்ளகுட்டிக போகுது" என்றார்கள். கோபித்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. எனக்கும் அதே பயம்தான்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் ஒன்று இருந்தது. ஒரு மழைக்காலத்தில் காற்றடித்து மலையத்தியின் பெரிய கிளை முறிந்து, மேலே கை கோர்வை விட்டுப்போயிருந்த சமயம். தாண்ட வழியில்லாமல் ஒரு தாய்க் குரங்கு கீழே இறங்கியிருக்கிறது. ஒரு ஜீப் அடித்துவிட்டது. நாங்கள் போனபோது தாய் செத்துக் கிடந்தது. குட்டி வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தது, உயிரோடு. சவரிமுத்து அதைப் பிரிக்கப் பார்த்தார். விரலை விடவில்லை. வெடிப்பலா மேல் ஆண் குரங்கு உட்கார்ந்திருந்தது. கத்தவில்லை, பல்லைக் காட்டவில்லை, பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் முழுக்க இறங்கி ரோட்டில் நின்றது. யாரும் நேரமாச்சு என்று சொல்லவில்லை. குட்டிக்கு உள்ளே அடி போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது. பிரிக்காமல் ஒரே துண்டில் சுற்றினோம்.

அந்த இடத்தைத்தான் காட்டினேன். நல்ல வெயில். வனக்காவலர் ஒருவர், ஜெபா, நான். சவரிமுத்து தள்ளி நின்ற பஸ்ஸின் அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "நான் மண்ணு போட்ட ஆளு. எடுக்கிறதப் பாக்க மாட்டேன்" என்று முன்பே சொல்லிவிட்டார்.

மண்வெட்டி போடும்போது என் கை நடுங்கியது. "தாயி, இது ஆஞ்சநேயர் குத்தமா, வயசா?" என்றேன். அவள், "மெதுவாண்ணே, மெதுவா" என்றாள்.

முதலில் துண்டின் நீலக் கரை வந்தது. அப்புறம் துருவேறிய காசு. அத்தி மரத்தின் வேர் குறுக்கே வளர்ந்து உள்ளே போயிருந்தது. மலைமண்ணும் மழையும் நாங்கள் கொட்டின உப்பும் சேர்ந்து வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தன. மண்டை ஓடு கை பட்டதும் பொடியானது. மிச்சம் கொஞ்சம் எலும்பு, இரண்டு அளவில். சின்ன அளவு தீக்குச்சி மாதிரி இருந்தது. ஜெபா டிக்கெட் புக்கை அதன் பக்கத்தில் வைத்தாள். ஜன்னலிலிருந்து குரல் வரவில்லை.

"எந்த மழைண்ணே?"

நான் யோசித்தேன். போன வருஷமா, அதற்கு முந்தியா? துக்கத்துக்கு நாங்கள் தேதி வைப்பதில்லை, சனிக்கிழமைதான் வைப்போம்.

"தாயி, நான் கண்ணால பாத்தேன். நெனைக்கல."

"தெரியும்ணே," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்று போட்டோவையும் முறைப்படி எடுத்தாள். மூன்றாவது போட்டோவில், தள்ளி நின்று எடுத்ததில், மேலே கிளைகள் மறுபடி வளர்ந்து சேர்ந்திருப்பது தெரிகிறது. இன்னும் என் போனில் இருக்கிறது.

மூடும்போது சவரிமுத்து வந்தார். கையில் புதுத் துண்டு. மறுபடி எல்லாவற்றையும் செய்தார். உப்பு மட்டும் போடவில்லை.

எலும்பைப் பார்த்த நிபுணர்கள் வெளியூரிலிருந்து எழுதினார்கள். குரங்கு இனம்தான், நாட்டுக் குரங்கா சோலைமந்தியா என்று உறுதி சொல்ல முடியாது, செத்த நாளும் காரணமும் தெரியாது. ஆப் அதை ஒரு சாம்பல் புள்ளியாகப் போட்டது. உறுதி செய்யப்படாதது. சிவப்புப் புள்ளிதான் கணக்கு.

அடுத்த கூட்டத்தில் அதிகாரி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க சொல்றது பொய்னு நான் சொல்லல டிரைவர். ஆனா கையெழுத்துப் போடுற எடத்துல நான் என்னன்னு எழுத?" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். யாரையாவது திட்டலாம் என்று சுற்றிப் பார்த்தேன், திட்ட வாகாக ஒரு ஆள் சிக்கவில்லை.

மரம் வெட்டிய அன்று பஸ்ஸை வளைவுக்குக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். மிஷின் ரம்பம் வெடிப்பலாவுக்குள் இறங்கியது. அது சாய்ந்தபோது மலையத்தியின் கிளைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டே விழுந்தது. அப்புறம் அதையும் அறுத்தார்கள். வானம் தெரிந்தது. அந்த வளைவில் நான் முழு வானத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்ன டிரைவரே, இன்னைக்கு ஜோக் ஒண்ணும் இல்லையா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"எறங்கி வர்றப்ப சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு குரங்குகள் ரோட்டில் இறங்கின. வேறென்ன செய்யும்? ரோடு அகலம், வண்டி வேகம். என் கடைசி மாதங்களில் எங்கள் பஸ் அங்கே நின்ற தடவைகளை எண்ண வேண்டாம். ஆனால் இந்தத் தடவை சவரிமுத்து முதலில் போனை எடுத்தார். "மூணு போட்டோ, அப்புறம் மஞ்சள்" என்று அவரே எல்லாக் கண்டக்டர்களுக்கும் சொல்லிவிட்டார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். போட்டோ எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அதனால் பாதிப் படம் ஆட்டம். எல்லாப் பஸ்காரர்களும் எழுதினார்கள். குடை வளைவில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, ஒரே பொட்டாகத் தெரிந்தது.

ஒரு நாள் ஜெபா கூப்பிட்டாள். "அண்ணே, டேட்டா இப்ப ரொம்ப நல்லா வருது" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டிருக்கும். போனை யார் முதலில் வைத்தது என்று நினைவில்லை.

நல்ல டேட்டாவுக்குப் பலன் கிடைத்தது. வேகத்தடை போட்டார்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தூண் நட்டு, தீயணைப்பு வண்டியில் கழித்துப்போட்ட கான்வாஸ் குழாயை மேலே குறுக்காகக் கட்டினார்கள். குரங்குப் பாலம். கட்டி முடித்த வாரம்தான் என் முழங்கால் என்னை வீட்டுக்கு அனுப்பியது. பாலத்தை யார் உபயோகிக்கிறார்கள் என்று பார்த்து எழுத ஆள் வேண்டும் என்றாள் ஜெபா. நான் இப்போது சனிக்கிழமை சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, குடை வளைவில் இறங்கி, பள்ளத்துப் பக்கம் வெட்டின அடிமரத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ்ஸிலிருந்து தம்பிகள் கை காட்டுவார்கள். "அண்ணே, டிராபிக் எப்படி?" என்பார்கள்.

டிராபிக் இப்படி. காக்கை எழுதியிருக்கிறேன். ஒரு மலையணில் பாதி வரை வந்து, யோசித்து, திரும்பிப் போனதை எழுதியிருக்கிறேன். சோலைமந்தி இதுவரை இல்லை. குரங்குக் கூட்டம் இரண்டாகப் போய்விட்டது. மேட்டுப் பக்கம் ஆண் குரங்கும் சிலதும், பள்ளத்துப் பக்கம் சிலது. காலையில் மேட்டிலிருந்து அந்த ஆண் கூப்பிடும். ஊ என்று தொடங்கி, மேலே ஏறி, ரோட்டைத் தாண்டிப் போகும். கொஞ்சம் பொறுத்துப் பள்ளத்திலிருந்து சின்னதாகப் பதில் வரும். அதைக் கேட்கத்தான் நான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளாகப் பள்ளத்துப் பக்கம் பதில் வரவில்லை. செத்துவிட்டனவா, வேறு காட்டுக்குள் இறங்கிவிட்டனவா, தெரியாது. பார்க்கவில்லை, நினைக்கத்தான் செய்கிறேன். ரோட்டில் புள்ளியும் விழவில்லை. புதிதாக எழுத வந்த தம்பி ஒருவர், "அண்ணே, இந்த மாசம் குடை வளைவுல ஒண்ணும் சாகல. பாலம் வேலை செய்யுது போல" என்று சந்தோஷமாக அனுப்பியிருந்தார்.

போன சனிக்கிழமை மேட்டிலிருந்து அந்த ஆண் குரங்கு கூப்பிட்டது. நிறுத்தியது. மறுபடி கூப்பிட்டது. பள்ளம் அமைதியாக இருந்தது. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. பள்ளம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. இரண்டு கையையும் வாயில் குவித்து, பள்ளத்துப் பக்கம் நின்று, தெரிந்த மாதிரி 'ஊ' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டேன்.

மேட்டில் சத்தம் நின்றது. கிளை அசைந்தது. அது ரோட்டோரத்துக் கடைசி மரம் வரை ஓடி வந்து, கழுத்தை நீட்டி நான் இருந்த பக்கம் பார்த்தது. நான் அடிமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு அது திரும்பக் கூப்பிட்டது. முன்பை விட ஓங்கி. என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.